சுரண்டினால் தெரியும் பட்டாளம்

பழைய பட்டாளத்து லொறி ஒன்று கையில் கிடைத்தவர் முதலில் செய்கிற வேலை, அதைக் கராஜுக்கு இழுத்துப்போய் மணல் பீச்சியடித்து வெறும் இரும்பாக்குவது. துரு போய்விடும். கூடவே அந்த லொறியின் சரித்திரமும் போய்விடும். பதிவுப் புத்தகம் எப்போதோ தொலைந்திருக்கும். எஞ்சின் இரண்டு முறை மாறியிருக்கும். பின்பக்கத்துப் பலகைப் ‘பொடி’ மூன்று பாஸ்மாரின் கைபட்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டி எந்தப் படையோடு சுற்றியது, எப்போது பட்டாளத்து உடுப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்து வேலைக்கு வந்தது என்று சொல்ல மிஞ்சியிருக்கும் சாட்சி பெரும்பாலும் அதன் பெயின்ட் ஒன்றுதான். கதவில் அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத சாட்சி. அதை விசாரிக்கத் தேவையான கருவிகளில் பாதி, இலங்கையின் சபரகமுவ மாகாணத்து றக்வானயில் மாணிக்க வியாபாரிகளின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

றக்வானக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 1942க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் போனது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. தீவு முழுவதும் பாசறையாகிவிட்டது. மத்திய கிழக்கில் சண்டையிட்டுவிட்டு நாடு திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியரின் 16ஆம், 17ஆம் பிரிகேட்டுகள் மார்ச் முதல் ஜூலை வரை இங்கே நிறுத்திவைக்கப்பட்டன. கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து 21ஆவது பிரிகேட் வந்தது. பெங்களூரில் அமைக்கப்பட்ட 20ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு காட்டுப் போருக்கு இங்கேதான் பழகியது. 1943இல் 11ஆவது கிழக்கு ஆபிரிக்கப் பிரிவு வந்து சேர்ந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தையே பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆள் வந்தால் வண்டியும் வரும். பிரிட்டனின் பெட்போர்ட், அமெரிக்க ஜீப், மூக்குச் சப்பையான கனடா ஃபோர்ட், கனடா செவ்ரலே. இந்தக் கனடா வண்டிகளைக் குறைத்து எடைபோடக் கூடாது. போர்க்காலத்தில் கனடா செய்து அனுப்பிய இராணுவ வாகனங்கள் 8 இலட்சத்துக்கு மேல். அவற்றில் சப்பை மூக்கு வகை மட்டும் 4 இலட்சத்தைத் தாண்டும். வலப்பக்கச் சுக்கானோடு வந்ததால் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கு அவை அப்படியே பொருந்தின.

இன்னொரு கணக்கும் உண்டு. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியாவும் பறிபோனபோது உலகத்து இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளின் கையைவிட்டுப் போனது. மிஞ்சியதில் பெரும் பங்கு இலங்கையினுடையது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர் தோட்டங்களில், மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று பட்டையை ஒட்ட வெட்டிப் பால் எடுத்தார்கள். அந்தப் படைகளின் டயர்களில் சபரகமுவத் தொழிலாளியின் கைவேலையும் ஓடியிருக்கிறது. அதை எந்தப் பெயின்ட்டும் சொல்லாது.

போர் முடிந்ததும் படைகள் கப்பலேறின, சாமான்கள் தங்கின. மவுண்ட்பேட்டன் படைக்காகக் கட்டிய ‘ரேடியோ சியாக்’ ஒலிபரப்பு நிலையம் 1949இல் இலங்கையின் கைக்கு வந்து, பிறகு நம் வீடுகளில் பாட்டுப் போட்ட கதை தெரிந்ததே. லொறிகளும் ஜீப்புகளும் உபரிச் சாமானாக விற்கப்பட்டன. மாதம்பையில் கிளம்பி றக்வான வழியாகப் புலுத்தொட்ட வளைவுகளில் ஏறித் தெனியாயவுக்குப் போகும் தெருவில் கொழுந்தும் உரமும் விறகும் ஏற்ற, அச்சு முறியாத பட்டாளத்து வண்டியைவிடத் தோதானது எது?

இனி பெயின்ட்டுக்கு வருவோம். தொழிற்சாலையிலோ கராஜிலோ அடிக்கும் ஒரு பூச்சு காய்ந்த பிறகு ஏறக்குறைய 25 முதல் 40 மைக்ரோமீற்றர் தடிப்பு இருக்கும். மனிதத் தலைமயிரின் தடிப்பு சுமார் 70. ஆகவே பத்துப் பூச்சு கண்ட கதவில்கூட எல்லாம் சேர்ந்து அரை மில்லிமீற்றரைத் தாண்டாது. எண்பது வருடத்துக் கதை அதற்குள் அடங்கிவிடுகிறது. அடியில் இருப்பது முதலில் நடந்தது, மேலே இருப்பது பிறகு நடந்தது. பாறை அடுக்குகளை வாசிக்கும் புவியியலாளர் பிடித்துக்கொள்ளும் விதியே இங்கும் விதி.

அடியில் வழக்கமாகச் செங்காவி. இரும்பு ஒட்சைட்டு கலந்த அடிப்பூச்சு அது. அதற்கு மேல் தொழிற்சாலை அடித்த முதல் படை நிறம். போர்க்காலத்து வண்டிகளுக்குப் பெரும்பாலும் அல்கிட் எனாமல்தான். எண்ணெயும் செயற்கைப் பிசினும் கலந்த இது, காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். வெறுமனே கரைப்பான் ஆவியாகிக் காயும் பெயின்ட்டைப் போலத் தின்னர் பட்டவுடன் கரைந்து ஓடிவிடாது. மேலே பின்னால் அடித்த பூச்சுகளை மெல்ல எடுக்கும்போதும் அடிப்பூச்சு தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

அந்தப் படை நிறம் எது என்பதில்தான் முதல் துப்பு. பிரிட்டிஷ் படை போருக்குள் நுழைந்தபோது வண்டிகளுக்கு அடித்தது ‘காக்கிப் பச்சை 3’ என்ற நிறம். 1942இல் பார்த்தால் புதிய வண்டிகள் பழுப்பு நிறத்தில் வருகின்றன, ‘எஸ்.சி.சி. 2’ என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தின் புல்வெளி திடீரென்று பழுப்பாகிவிடவில்லை. பச்சைக்கு வேண்டிய குரோமியம் ஒட்சைட்டு தட்டுப்பாடானதுதான் காரணம். பழுப்புக்கு இரும்பு ஒட்சைட்டு போதும், அது மண்ணாகக் கிடைக்கிறது. பிறகு 1944 ஏப்ரலில் ‘எஸ்.சி.சி. 15’ என்ற ஒலிவ் நிறம் வருகிறது. அமெரிக்காவிலிருந்து கடனுதவித் திட்டத்தில் வந்து குவிந்த வண்டிகள் ஏற்கெனவே ஒலிவ் நிறத்தில் இருந்தன. அவற்றையெல்லாம் மறுபடி பூசுவதைவிடத் தங்கள் நிறத்தை மாற்றிக்கொள்வது மலிவு என்று பிரிட்டிஷார் முடிவு செய்தார்கள். ஆகக் கதவின் அடியில் பச்சையா, பழுப்பா, ஒலிவா என்று பார்த்தாலே எந்த ஆண்டை ஒட்டித் தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்தது என்று ஒரு கணிப்புக்கு வரலாம். நிறத்தைத் தீர்மானித்தது கலை ரசனை அல்ல. எந்த நிறமி எந்த மாதம் கிடைத்தது என்ற களஞ்சியக் கணக்கு.

அமெரிக்க ஒலிவில் ஒரு வேடிக்கை. அதைச் செய்யப் பச்சை நிறமியே வேண்டாம். மஞ்சள் காவியில் கறுப்பைக் கலந்தால் நம் கண்ணுக்கு ஒலிவ் பச்சையாகத் தெரியும். வீட்டிலுள்ள பிள்ளைகளின் வர்ணப் பெட்டியிலேயே கலந்து பார்க்கலாம்.

கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த சிக்கல். உயிருள்ள இலை, நாம் பார்க்க முடியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களைப் பலமாகத் தெறித்து அனுப்புகிறது. சாதாரணப் பச்சைப் பெயின்ட் அப்படிச் செய்யாது. 1940களில் கோடக் நிறுவனம் உருமறைப்பைக் கண்டுபிடிப்பதற்கென்றே அகச்சிவப்பு வண்ணப் படச்சுருள் செய்தது. அதில் இலை சிவப்பாகவும், பச்சைப் பெயின்ட் அடித்த லொறி வேறு நிறமாகவும் தெரியும். குரோமியம் ஒட்சைட்டு இந்த விஷயத்தில் மற்றப் பச்சைகளைவிட இலையோடு ஒத்துப்போகும். அதற்கு அவ்வளவு கிராக்கி இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சபரகமுவ வண்டியில் நான் தேடச் சொல்வது இன்னொரு நிறம். பச்சைக்கு அடியில் வெளிர்மஞ்சள் மணல் நிறம் கிடைத்தால் சட்டென்று நிறுத்துங்கள். மழைக்காட்டு நாட்டில் ஒருவரும் லொறிக்கு மணல் நிறம் பூசி ஒளித்துவைக்க மாட்டார்கள். அந்த வண்டி எகிப்து, லிபியா, பாலஸ்தீனம் என்று மத்திய கிழக்கில் ஓடிவிட்டு அல்லது அங்கே போவதற்காகத் தயாராகிவிட்டு, 1942இன் அவசரத்தில் கிழக்கே திருப்பப்பட்டிருக்கலாம். பச்சைக்கும் மணல் நிறத்துக்கும் நடுவில் அழுக்குக் கோடு இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். பூசி உடனே மறுபூச்சு போட்டால் நடுவில் அழுக்கு இராது. அழுக்கு இருந்தால் அந்த நிறத்தோடு வண்டி வெயிலில் ஓடியிருக்கிறது.

படை நிறங்கள் எல்லாமே பளபளப்பு இல்லாதவை. வெயில் பட்டு மின்னினால் மேலே பறக்கும் விமானிக்குத் தெரிந்துவிடும். பளபளப்பை எப்படிக் கொல்வது? இலையில் சோற்றை நிறையப் போட்டுக் குழம்பைக் குறைத்த மாதிரி, நிறமித் தூளைக் கூட்டி அதைப் பிடித்துவைக்கும் எண்ணெய்ப் பிசினைக் குறைப்பார்கள். தூள் மேற்பரப்பில் முட்டிக்கொண்டு நிற்கும், ஒளி நாலாபக்கமும் சிதறும். நல்ல உபாயம்தான், ஆனால் அதே காரணத்தால் பூச்சு நுண்துளையுள்ளதாகி ஈரத்தை உள்ளே விடும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஈரவலயத்தில் இப்படிப்பட்ட பூச்சு எத்தனை வருடம் தாங்கும்? தோட்டத்தார் போருக்குப் பிறகு மேலே அடித்த பளபளப்பான எனாமல்தான் பல வண்டிகளில் படைப் பூச்சைக் காப்பாற்றியிருக்கிறது. மறைத்தவர்களே காத்தார்கள்.

நிறத்தைவிட அதிகம் பேசுபவை எழுத்தும் சின்னமும். பிரிட்டிஷ் முறையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தொகைமதிப்பு இலக்கம் உண்டு. முன்னால் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு எண்கள். ‘எல்’ என்றால் லொறி, ‘இசட்’ என்றால் சிறிய ட்ரக், ‘எம்’ என்றால் கார், ‘ஏ’ என்றால் அம்புலன்ஸ், ‘சி’ என்றால் மோட்டார் சைக்கிள். பொனட்டின் இரு பக்கத்திலும் பின்கதவிலும் வெள்ளையில் எழுதுவார்கள். இந்த எண் படைப்பிரிவு மாறினாலும் மாறாது. எந்த எண் தொகுதி எந்த ஒப்பந்தத்துக்கு, எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கான பட்டியல்கள் பிரிட்டனில் தப்பியிருக்கின்றன. எனவே முழு எண் கிடைத்தால் வண்டியின் பிறப்பை எட்டிப்பிடித்த மாதிரிதான். அமெரிக்க ஜீப்பின் எண் 20இல் தொடங்கும். இரண்டரைத் தொன் லொறியின் எண் 4இல். போரின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் இதை மங்கலான நீலச் சாம்பலில் எழுதினார்கள். ஒலிவ் நிறத்தின் மேல் அது பக்கத்தில் போனாலொழியத் தெரியாது. பிறகுதான் வெள்ளைக்கு மாறினார்கள். ஜீப்பின் பொனட்டில் நீலம் கிடைத்தால் அது போரின் முற்பகுதி வண்டியாக இருக்கலாம்.

எண் பிறப்பைச் சொல்லும். உத்தியோகத்தைச் சொல்வது சேவைச் சின்னம். சிறு சதுரம், அதற்குள் ஓர் எண். சதுரம் மேலே சிவப்பு, கீழே நீலம் என்றால் பீரங்கிப் படை. மூலைவிட்டமாகச் சிவப்பும் பச்சையும் என்றால் சாமான் ஏற்றியிறக்கும் சேவைப் படை. லொறிகளில் அதிகம் கிடைக்க வாய்ப்புள்ளது இதுவே. மேலே வெள்ளை, கீழே நீலம் என்றால் தொலைத்தொடர்பு. பக்கத்திலேயே பிரிவின் சின்னம் இருக்கும். 20ஆவது இந்தியப் பிரிவுக்கு வாள் பிடித்த கை. 11ஆவது கிழக்கு ஆபிரிக்கப் பிரிவுக்குக் காண்டாமிருகத் தலை. ஆஸ்திரேலியருக்குப் பூமராங்கின் மேல் ஒரு விலங்கு. தென்கிழக்காசியக் கட்டளைக்கு நெருப்பிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை. றக்வானப் பக்கத்துக் கதவொன்றில் காண்டாமிருகம் தலைகாட்டினால் அந்த லொறி 1943, 1944 காலத்தில் யாரோடு இருந்தது என்பதில் பெரிய குழப்பம் வேண்டியதில்லை.

முன்பக்கத்தில் மஞ்சள் வட்டமும் கறுப்பு எண்ணும் இருந்தால் அது பாலத்துக்கான எண். வண்டியும் சுமையும் சேர்ந்த எடைத் தரம் அது. பாலத்து முகப்பிலும் ஓர் எண் இருக்கும், வண்டியின் எண் அதைவிடப் பெரிதென்றால் போகக் கூடாது. எழுத்து வாசிக்கத் தெரியாத சாரதிக்கும் விளங்கும் ஏற்பாடு. சில்லு வளைவின் மேல் ‘டி.பி.’ என்று எழுதி ஒரு எண் இருந்தால் டயர் காற்றழுத்தம். பொனட்டின் மேல் மஞ்சள் கலந்த காக்கியில் ஒரு திட்டு இருந்தால் அதன் மேல் கையை வைத்துச் சற்று யோசியுங்கள்: கடுகு வாயுத் துளி பட்டால் சிவந்து எச்சரிப்பதற்காகப் பூசிய பெயின்ட் அது. நல்ல வேளையாக அதைச் சிவக்கவைக்கும் நிலை வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த குறி ஒன்று யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. லொறிக்கு அடியில் படுத்து, பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷல் உருண்டையைப் பாருங்கள். இருட்டடிப்பு இரவுகளில் தலைவிளக்கு போடாமல் வரிசையாகப் போகும்போது, முன்னால் போகிற வண்டியைப் பின்னால் வருகிறவன் அறிய ஒரு வழி வேண்டும். அந்த உருண்டைக்கு வெள்ளையடித்து, ஆகாயத்துக்குத் தெரியாதபடி மேலே சிறு விளக்கு ஒன்றை வைத்தார்கள். போருக்குப் பிறகு எந்தத் தோட்டத்திலும் டிஃபரன்ஷலுக்குப் பெயின்ட் அடித்துச் செலவழிக்கவில்லை. கிறீஸும் சேறும்தான் படிந்தன. எண்பது வருடக் கிறீஸைக் கத்தியால் வழித்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால், அடியில் வெள்ளை அப்படியே இருக்கும்.

தேடும் முறைக்கு வருவோம். கதவின் நடுவில் கைவைப்பதற்கு முன்னால் வெயில் படாத இடங்களைப் பாருங்கள்: தகவல் தகட்டுக்குப் பின்னால், ஆசனத்துக்கு அடியில், ஆயுதப் பெட்டிக்குள், டாஷ்போர்டின் மறுபக்கம். வெயிலில் புறவூதாக் கதிர் பிசினை உடைத்து நிறமியைச் சுண்ணாம்புப் பொடியாக உதிரவைக்கும். இருட்டில் எண்ணெய் மஞ்சளாகும். ஆகவே ஒரே பெயின்ட் மூடியிருந்த இடத்தில் ஒரு நிறமாகவும் திறந்திருந்த இடத்தில் வேறொரு நிறமாகவும் இருக்கும். சுரண்டியவுடன் தெரிவதையே ‘அசல் நிறம்’ என்று கடைக்குக் கொண்டுபோய்க் கலக்கச் சொல்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது இருட்டும் டோர்ச் வெளிச்சமும். இரவில் டோர்ச்சைக் கதவோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், அச்சுத் தகடு வைத்துப் பூசிய எழுத்தின் விளிம்பு, மேலே நாலு பூச்சு இருந்தாலும் மெல்லிய மேடாக நிழல் விழுத்தும். பழைய எழுத்து முழுவதும் உதிர்ந்த இடத்திலும் அதன் ஆவி நிற்பதுண்டு. எழுத்து இருந்த இடத்துக்கு வெயில் குறைவாகப் பட்டதால் அடியிலுள்ள நிறம் அங்கே குறைவாக வெளுத்திருக்கும்.

பிறகுதான் அரத்தாள். 800 அல்லது 1000 இலக்கத் தாளைத் தண்ணீரில் நனைத்து, ஐந்து ரூபாய்க் காசளவு இடத்தில், அவசரப்படாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் போனால் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளிவரும். கணக்கு எளிது: ஒரு பாகைச் சரிவில் தேய்த்தால் 25 மைக்ரோமீற்றர் பூச்சு 1.4 மில்லிமீற்றர் அகலத்துக்கு விரிகிறது. இங்கேதான் மாணிக்க வியாபாரி உள்ளே வருகிறார். கல் பார்க்க அவர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் அந்த வளையங்களின் ஓரம் தெளிவாகத் தெரியும். அழுக்குக் கோடும் தெரியும்.

இன்னும் ஒரு படி போகலாம். அடியிலுள்ள இரும்போடு சேர்த்து அரிசி நுனியளவு பெயின்ட் சில்லை எடுத்து, பைபர் வேலைக்கு விற்கும் தெளிவான ரெசினில் நிறுத்தி இறுகவிட்டு, குறுக்காக வெட்டி மினுக்கினால் எல்லாப் பூச்சும் ஒரு வரிசையில் நிற்கும். அருங்காட்சியகங்களும் குற்றவியல் ஆய்வுக்கூடங்களும் இதையே செய்கின்றன. பட்டை தீட்டும் கை பழகிய இரத்தினபுரியில் இந்த மினுக்கலுக்கு ஆளா இல்லை? கல்லைச் சோதிக்கும் புறவூதா விளக்கையும் அதன் மேல் பிடித்துப் பாருங்கள். நாக ஒட்சைட்டு கலந்த வெள்ளை மஞ்சட்பச்சையாக ஒளிரும். தைத்தேனியம் வெள்ளை இருண்டே கிடக்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு வெள்ளைகள் அங்கே பிரிந்துவிடும். அழுக்குக் கோட்டில் சிவப்புக் கார்னெட் மணல் மின்னினால் சந்தோஷப்படலாம், ஆனால் முடிவு கட்ட வேண்டாம். மாணிக்கம் கிடைக்கும் சரளை மண்ணான ‘இல்லத்தில்’ மட்டுமல்ல, மலைநாட்டுப் பாறைகள் பலவற்றிலும் கார்னெட் உண்டு.

ஆய்வுக்கூடம் கிடைத்தால் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி ஈயம், குரோமியம், நாகம், தைத்தேனியம் என்று தனிமங்களைச் சொல்லும். அகச்சிவப்பு நிறமாலை, பிசின் அல்கிட்டா, நைட்ரோசெல்லுலோஸா, அக்ரிலிக்கா என்று சொல்லும். காலம் கணிக்க இவை உதவும் விதம் ஒன்றே: ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்ற எல்லையைப் போடுவது. தாலோசயனின் நீலம் 1935இல்தான் சந்தைக்கு வந்தது. மோட்டார் வண்டிகளில் அக்ரிலிக் 1950களில். அக்ரிலிக் பூச்சுக்கு மேலே ஒரு வெள்ளை நட்சத்திரம் இருந்தால், அது எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் போர்க்காலத்து நட்சத்திரம் அல்ல. யாரோ சினிமாவுக்கோ ஊர்வலத்துக்கோ போட்டது. நம் ஊரில் ஜீப் என்றாலே நட்சத்திரம் போட்டுவிடும் பழக்கம் வேறு இருக்கிறது; பிரிட்டிஷ் படையோடு வந்த எத்தனையோ ஜீப்புகள் அமெரிக்க வேடம் கட்டி நிற்கின்றன.

பல பூச்சு வரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் பலன் தரும் சோதனை. அதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டாம். கதவில், பொனட்டில், மட்கார்டில், பின்கதவில் ஒவ்வொரு காசளவு வளையம் தேய்த்து வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, கதவில் செங்காவி, பழுப்பு, ஒலிவ், தோட்டத்துப் பச்சை, நீலம். பொனட்டில் சாம்பல், தோட்டத்துப் பச்சை, நீலம். அப்படியென்றால் பொனட் இந்த லொறியோடு பிறக்கவில்லை. தோட்டத்துக்கு வந்த பிறகு வேறொன்றிலிருந்து கழற்றிப் பூட்டியது. பொனட்டில் எண் கிடைத்தாலும் அது வேறு வண்டியின் எண். ஒரு லொறியை உயிரோடு வைத்திருக்க மூன்று லொறியை அறுத்த நம் பாஸ்மாரின் கெட்டித்தனம் இப்படித்தான் வெளிப்படும்.

படைப் பூச்சுகளுக்கு மேலே உள்ளதைப் பலர் குப்பை என்று நினைத்து வழித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. மேலே இருப்பது நம்முடைய சரித்திரம். கதவில் முதலில் ஒரு ஸ்டெர்லிங் கம்பனியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருந்திருக்கும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் அது அழிந்து ஜே.ஈ.டீ.பி. என்றோ அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றோ எழுதப்பட்டிருக்கும். 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் வந்ததும் மறுபடி ஒரு பூச்சு. துரைமார் மாறியதும் லயம் மாறாததும் அந்தக் கதவுக்குத் தெரியும்.

இலக்கத் தகட்டையும் விடக் கூடாது. முதலில் ஆங்கில எழுத்துகள். 1958 தொடக்கத்தில் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. அதற்கெதிராகத் தமிழர்கள் தார் பூசும் போராட்டம் நடத்தினார்கள். பதிலுக்குத் தெற்கில் சிங்களவர்கள் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். மலையகத்துக்கும் அந்தத் தீ பரவி, போகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர். பல லொறிகளில் இலக்கம் தனித் தகட்டில் இல்லாமல் பலகையிலேயே எழுதப்பட்டிருந்தது. தாருக்கு ஒரு குணம் உண்டு: மேலே பூசும் எண்ணெய்ப் பெயின்ட்டின் கரைப்பான் அதை இளக்கிவிடும், புதுப் பூச்சுக்குள் பழுப்பாகக் கசிந்து மேலே வரும். எத்தனை பூச்சு போட்டாலும் வரும். பழைய லொறியின் இலக்கப் பலகையில் காரணமில்லாமல் பழுப்புக் கறை தெரிந்தால் அதையும் ஒரு முறை லென்ஸில் பாருங்கள். 2000இல் வந்த முறையில் மாகாண எழுத்தும் சேர்ந்தது, சபரகமுவவுக்கு ‘எஸ்.ஜி.’

பெயின்ட் பொய் சொல்வதும் உண்டு, பேசாமல் இருப்பதும் உண்டு. போர்க்களத்தில் கிடைத்த டின்களைக் கலந்து, போதாததற்குப் பெற்றோல் ஊற்றி இளக்கி அடித்தார்கள். ஆகவே ஒரே ‘ஒலிவ்’ பத்து வண்டியில் பத்து விதம். துருவோ இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. ஓர் ஓரத்தில் நுழைந்தால் பூச்சு முழுவதையும் அடியோடு தூக்கி எறிந்துவிடும். றக்வான மழையில் மட்கார்டின் கீழ்ப்பகுதியில் தேடுவது வீண். கூரைக்குக் கீழே, உட்பக்கம், உயரமான இடம் என்று தேடுங்கள். வரிசையைப் பெயின்ட் சொல்லும், ஆண்டை அது நேராகச் சொல்லாது. ஆண்டுக்கு எண்ணும் தகடும் பழைய படமும் வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இப்போது புதுப்பிப்பதைவிடக் காப்பதையே விரும்புகின்றன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ‘ஃபிளாக் பெய்ட்’ என்ற பி-26 குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. 200க்கு மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய் வந்தது. ஒவ்வொன்றுக்கும் மூக்கில் ஒரு சிறு குண்டுப் படம் வரைந்திருக்கிறார்கள். அதைப் பளபளவென்று மறுபடி பூச அவர்களுக்குப் பணமும் ஆளும் இல்லாமல் இல்லை. இருந்தும் அசல் பெயின்ட்டை அப்படியே காப்பாற்றத்தான் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள்.

நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பழைய பெயின்ட்டில் ஈயம் உண்டு. செவ்வீயம், ஈயக் குரோமேட்டு மஞ்சள் எல்லாம் அன்று சாதாரணம். இலங்கையில் பெயின்ட்டிலுள்ள ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு வந்ததே 2013இல்தான். உலரத் தேய்க்காதீர்கள், சுடுகாற்றுத் துப்பாக்கியால் சுடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்து, துணியையும் கழிவையும் கட்டி ஒதுக்குங்கள். முகக்கவசம் போடுங்கள்.

றக்வான, கஹவத்த, பெல்மதுளைப் பக்கத்துக் கொட்டில்களில் மூக்குச் சப்பையான லொறியோ தகடு தேய்ந்த ஜீப்போ கிடக்கிறதென்றால், டிங்கர் வேலைக்குக் கொடுப்பதற்கு முன்னால் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். நாலு இடத்தில் காசளவு தேய்த்து வரிசையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு கதவின் உட்பக்கத்தையாவது பூசாமல் விட்டுவையுங்கள். பெலிஹுல்ஓயாவில் சபரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டப்படிப்பு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவரிடம் அந்தப் பெயின்ட் சில்லை ஓர் உறையில் போட்டு, எடுத்த இடத்தையும் எழுதிக் கொடுங்கள்.